மரமும் இடனறிதலும்



திருக்குறளில் ‘இடனறிதல்’ என்று ஓர் அதிகாரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். தேருக்கு ஏற்ற இடம் கடலன்று, கப்பலுக்கு ஏற்ற இடம் நிலமன்று என்னும் கருத்தை வள்ளுவர் அங்கே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறார். ஆனால் இன்றைய உலகில் படகும் நிலத்தில் ஓடத்தான் செய்கிறது. அமெரிக்கா முதலிய நாடுகளில் சிறு படகு வைத்திருப்போர் அதனை ஓர் இழுவை வண்டியில் ஏற்றி, மோட்டார் வண்டியின் பின்னே கட்டி, ஏரிக்கோ கடலுக்கோ கொண்டு செல்கின்றனர். கரையை அடைந்ததும் அவ்வண்டியையே நீருக்குள் இறக்குவர். படகு மிதந்து வெளியேறும். திரும்பி வரும் படகு அமர்வதற்கென அவ்வண்டியில் நீண்ட மரக்கட்டைகள் இரண்டு படுக்கை போலக் கிடத்தப்பட்டிருக்கும். நீரில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் பாரத்தில் அழுந்தியும் அக்கட்டைகள் சில ஆண்டுகளில் கெட்டுவிடும். மாற்றுவதற்கு எந்த மரம் நல்லது என்பது அந்நாட்டுப் படகுக்காரரின் ஓயாத வினா.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எனினும் இவ்வினா எங்களுக்குப் புதிதன்று. பெரும் பாரத்தைத் தாங்கிச் சக்கரத்தின்மேல் செல்லும் மரம் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்று எங்கள் தச்சர்கள் பல தலைமுறைகளாகக் கேட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் முன் இருந்தது படகன்று, தேர். நான் வாழும் இராசபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் திருவில்லிபுத்தூர் இருக்கிறது. ஆடிப்பூர நாளில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் அவ்வூர்ப் பெரிய தேர், தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. அத்தேரை முன்னிறுத்தி மரத்தின் வரலாறு சிறிது பேச விரும்புகிறேன்.

சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று நிலையில் நின்ற தேரைக் காட்டினார். எல்லாரும் அண்ணாந்து மேலே நோக்கினர். என் கண்ணோ சக்கரத்தின்மேல் சென்றது. அது என் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது.

தேரின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்வோம். நம் கண்ணைக் கவரும் உயரமான மேற்பகுதி நிலையானதன்று. மரச்சட்டங்களாலும் மூங்கில்களாலும் ஆண்டுதோறும் கட்டப்பெற்று, துணிகளாலும் தொம்பைகளாலும் ஒப்பனை செய்யப்பெற்றுப் பின் அவிழ்க்கப்படுவது அது. நிலையாக நிற்பது கீழ்ப்பகுதி. சிற்பங்கள் செறிந்த அடுக்குகளாக அது எழும். அவ்வடுக்குகளுக்கும் அடியில், எவர் கண்ணிலும் படாமல், பெரும் உத்திரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அவை அச்சின்மேல் அமரும். அச்சைச் சக்கரம் தாங்கும். சக்கரம் கழன்றுவிடாதபடி கடையாணி காக்கும். உருவத்தில் சிறியது என்று எவரையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் எடுத்துக்காட்டியதும் இக்கடையாணியையே. இத்தனைக்கும் வெளியே, ஓடும் சக்கரத்தின் முன் கட்டையைச் செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்யும் ஆட்கள் இருக்கின்றனர். அக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். வடம் பிடிப்போர் ஆயிரவர்; முட்டுக்கட்டை போடுவோர் ஒரு சிலர். மரம் பிழைத்தால் முதலில் துன்புறுவோர் அச்சிலரே.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. என் பிழையால் அறிந்தேன். தலைமையாசிரியராக இருந்த நாளில் எங்கள் தெருக் கோயிலின் சிறு சப்பரத்தைப் பழுதுபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அச்சின்மேல் கிடந்த இரண்டு அடிக்கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. மரக்கடைக்குச் சென்று, வழவழப்பாகவும் மலிவாகவும் இருந்த மாமரக் கட்டைகள் இரண்டை வாங்கினேன். அறுத்து நெடுநாள் ஆகாத பச்சை மரம் அது. அதன்மேல் மூன்று முறை வர்ணம் பூசச் செய்து, இனி மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று மகிழ்ந்தேன். இரண்டாம் ஆண்டுத் திருவிழாவில், தெருவின் திருப்பத்தில், ஒரு கட்டை அச்சின்மேல் நசுங்கி உட்கார்ந்தது. சப்பரம் சாய்ந்தது. முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்த இளைஞன் பின்னால் பாய்ந்தான், உயிர் தப்பியது, ஆனால் கால்விரல்கள் இரண்டு நசுங்கின. அவன் என் பழைய மாணவன். மருத்துவமனையில் நான் அவனைப் பார்த்தபோது, “சார், அந்தக் கட்டைக்கு வர்ணம் பூசினதே நான்தான். வெளியில் ஒரு குறையும் தெரியவில்லையே!” என்றான். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

பின்னர் முதிய தச்சர் ஒருவர் அக்கட்டையைப் பிளந்து காட்டினார். வெளியே வர்ணம் பளபளத்தது. உள்ளே மரம் ஈரச் சோறுபோல் இருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “வாத்தியாரய்யா, நீங்கள் மரத்தைப் பார்த்தீர்கள், அது கிடக்கப்போகிற இடத்தைப் பார்க்கவில்லை” என்று மட்டும் சொன்னார். நாற்பது ஆண்டு மாணவர்களுக்கு இடனறிதல் அதிகாரத்தைக் கற்பித்த எனக்கு, அதன் பொருளை அவரே கற்பித்தார்.

அத்தச்சர் சொன்னதன் உட்பொருளை இனிச் சற்று விரித்துக் காண்போம்.

மரத்தின் வலிமை அதன் வைரத்தில் இருக்கிறது. நன்கு முற்றிய மரத்தைக் குறுக்கே அறுத்தால் நடுவே நிறம் செறிந்த பகுதியும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். நடுப்பகுதி வைரம், வெளிவளையம் வெளிறு. உயிருள்ள மரத்தில் வெளிற்றுப் பகுதியே வேரின் நீரை இலைக்குக் கொண்டு செல்கிறது. ஆதலால் அதில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உணவாகும் பொருள்கள் மிகுதி. வைரத்திலோ அவற்றை எதிர்க்கும் பிசின்களும் துவர்ப்புப் பொருள்களும் படிந்திருக்கும். உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், தென்னை பனை போலப் புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துரைக்கிறது. எவ்வளவு கூர்மையான நோக்கு, பாருங்கள்!

அடுத்தது ஈரம். எப்போதும் உலர்ந்திருக்கும் மரம் உளுப்பதில்லை. எப்போதும் நீருள் மூழ்கிக் கிடக்கும் மரமும் காற்றுப் படாமையால் நெடுங்காலம் உளுப்பதில்லை. நனைவதும் காய்வதுமாகக் கிடக்கும் மரமே விரைவில் கெடும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது என்னும் அளவுக்கு மேல் நிலைத்திருந்தால் பூஞ்சை குடிபுக இடமுண்டு. பச்சை மரத்தின்மேல் நான் பூசிய வர்ணம் வெளிநீரைத் தடுக்கவில்லை, உள்நீரைச் சிறைவைத்தது.

மூன்றாவது நார் ஓடும் திசை. மரத்தை நட்டுவைத்து அதன்மேல் பாரத்தை ஏற்றினால் அது பெரும் பாரம் தாங்கும். அதே மரத்தைப் படுக்கவைத்துக் குறுக்கே பாரம் ஏற்றினால் அதில் ஒரு சிறு பங்கையே தாங்கும். அச்சின்மேல் கிடக்கும் கட்டையும் படகின் அடியில் கிடக்கும் கட்டையும் இத்தகைய குறுக்கு அழுத்தத்துக்கு ஆளானவையே. மேலும், உலரும் மரம் நீளத்தில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. ஆனால் வளையத்தின் திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் மரம் வெடிக்கிறது, வளைகிறது. மரத்தை அறுத்து நிழலில் அடுக்கி ஆண்டுக்கணக்கில் காயவைத்த பழைய தச்சர்கள், காரணத்தை இவ்வாறு கணக்கிட்டுக் கூறாவிடினும், அதன் விளைவை நன்கு அறிந்திருந்தனர்.

தேர்த் தச்சர் போற்றிய மரங்கள் மூன்று: இலுப்பை, வேங்கை, தேக்கு. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்னும் பழமொழியால் இலுப்பையின் பூவை நீங்கள் அறிவீர்கள். அதன் வித்தின் எண்ணெய் கோயில் விளக்குகளில் எரிந்தது. அதன் வைரமோ கனமானது, கெட்டியானது, ஈரத்துக்கு எளிதில் இளகாதது. ஆதலால் பாரம் அழுத்தும் அடிப்பகுதிகளுக்கு அது உகந்ததாயிற்று. வேங்கையை வெட்டினால் குருதிபோல் செந்நிறப் பிசின் வடியும். அதன் வைரமும் உறுதியானது, கரையானுக்கு எளிதில் இரையாகாதது. தேக்கு இவ்விரண்டையும்விட எடை குறைந்தது, உளிக்கு இணங்குவது, காய்ந்தபின் உருக்குலையாதது. அதன் எண்ணெய்ப் பசை தன்னுள் இறங்கும் இரும்பாணியையும் காக்கும். துவர்ப்பு மிகுந்த வேறு சில மரங்களில் ஈரம் பட்டால் ஆணி கறுத்து அரிக்கும். ஆணியைச் சுற்றி மரமும் கெடும். ஆகவே, எது சிறந்த மரம் என்று கேட்பதில் பயனில்லை. பாரத்தின் கீழ்க் கிடப்பதற்கு எது, சிற்பம் செதுக்குவதற்கு எது, ஆணி ஏற்பதற்கு எது என்றே கேட்கவேண்டும்.

தேக்கின் பெருமை நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. செங்கடற் கரையில் உரோமர் காலத்துத் துறைமுகமான பெரெனிகேயை அகழ்ந்தவர்கள் இந்தியத் தேக்கு மரங்களைக் கண்டெடுத்தனர். மும்பையில் தேக்கினால் கட்டப்பெற்று 1817 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட ‘திரிங்கமலி’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெருமையே காட்டுக்குக் கேடாயிற்று. கப்பலுக்குத் தேக்கு வேண்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1806 ஆம் ஆண்டில் மலபாரில் கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டுக் காப்பாளராக நியமித்தனர். காடு வளர்ப்பதைவிட மரத்தைக் கம்பெனிக்கே உரியதாக்குவதில் அப்பதவி முனைந்தது. மக்களின் மனக்கசப்பு மிகுந்தது; சர் தாமஸ் மன்றோ கவர்னராயிருந்தபோது 1823 இல் அப்பதவி நீக்கப்பட்டது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும், அவருக்குத் துணைநின்ற சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினர். வெட்டியே பழகிய கைகள் நடவும் பழகின.

அதன்பின் வந்தது இரயில். 1856 ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து ஓடிற்று. தண்டவாளத்தின் கீழே கிடக்கும் கட்டைகளை எண்ணிப் பாருங்கள்! ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 கட்டைகள் வேண்டும். தேரின் அடிக்கட்டையைப் போலவே அவையும் குறுக்குப் பாரம் தாங்குபவை. மழையில் நனைந்து வெயிலில் காய்பவை. தக்கதல்லாத மரத்தை இட்டால் சில ஆண்டுகளிலேயே பெயர்த்தெடுக்க நேரிடும். அதே 1856 இல் சென்னை மாகாணத்தின் காட்டுக் காப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் கிளெகார்ன், இரயிலின் பசிக்குக் காடு ஈடுகொடுக்க இயலாது என்பதைக் கண்டு எச்சரித்தவர்களுள் ஒருவர். 1882 இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. எங்கள் விருதுநகர், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி இரயில் பாதை 1927 இல் திறக்கப்பட்டது. மரக்கட்டைகள் கிடந்த இடத்தில் பிற்காலத்தில் கான்கிரீட் கட்டைகள் வந்தன.

நல்ல மரம் அரிதானபோது, எளிய மரத்தை மருந்திட்டு வலுப்படுத்தும் கலை வளர்ந்தது. 1838 இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் என்பவர் தார் எண்ணெயை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவை சேர்ந்த மருந்தை 1933 ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவரோ நம் நாட்டவர். டேராடூன் காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம் என்பவர் அவர். அம்மருந்து உலகெங்கும் பரவிற்று. ஆர்சனிக் நஞ்சாதலால், 2003 ஆம் ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்கான மரங்களில் அதனைப் பெரும்பாலும் கைவிட்டனர். அதன் இடத்தில் செம்புச்சத்து மிகுந்த மருந்துகள் வந்தன. அவை மரத்தைக் காத்தன. ஆனால் ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியத்தை அரித்தன. நாம் தொடக்கத்தில் கண்ட படகுக்காரர்களுள் பலரின் படகு அலுமினியத்தால் ஆனது. கட்டையைக் காக்கும் மருந்தே அக்கட்டை தாங்கும் படகைத் தின்னக்கூடும்! எது தாங்குகிறது என்பதோடு, எதனைத் தொடுகிறது என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது.

இனித் தேருக்குத் திரும்புவோம். திருவில்லிபுத்தூர்ப் பெரிய தேர் மரச்சக்கரங்களோடு ஓடிய நாளில், வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆனதுண்டு. பின்னாளில் அதற்கு இரும்புச் சக்கரங்களும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தடைக் கருவியும் பொருத்தப்பட்டன. திருவாரூர் ஆழித்தேரின் வரலாறும் இத்தகையது. 1926 இல் தீக்கிரையாகிப் புதிதாகச் செய்யப்பெற்ற அத்தேர், 1948க்குப் பின் ஓடாது நின்று, 1970 இல் மீண்டும் ஓடிற்று. அதற்கும் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் எஃகு அச்சும் சக்கரமும் தடைக் கருவியும் செய்தளித்தது.

முன்னோர் மரபு கெட்டதே என்று இதற்கு வருந்துவோர் உண்டு. நான் வருந்தவில்லை. தேரின் உடல் மரமாகவே இருக்கிறது. சிற்பமும் மரத்திலேயே இருக்கிறது. உருளவும் தேயவும் அதிரவும் வேண்டிய இடத்தில் மட்டும் இரும்பு வந்தது. இலுப்பையைத் தேர்ந்த பழைய தச்சன் இன்று இருந்திருந்தால், அதே காரணத்துக்காக எஃகைத் தேர்ந்திருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவன் போற்றியது மரத்தை மட்டுமன்று. மரத்தின் அருகே நடக்கும் மனிதனையும் போற்றினான். ஆயினும் எல்லா ஊர்த் தேருக்கும் இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2022 ஜூன் மாதத்தில் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தேர் சாய்ந்து இருவர் உயிரிழந்தனர். நாளிதழில் அச்செய்தியைக் கண்டபோது என் மாணவனின் நசுங்கிய விரல்களே என் கண்முன் நின்றன.

இன்று பெருமரம் தேடிக் காட்டுக்குள் செல்லவும் இயலாது, செல்லவும் கூடாது. எங்கள் மேற்கு மலைச்சரிவு 1988 இல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமாயிற்று. 2021 இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக விரிந்தது. நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடெங்கும் காட்டு மரங்கள் வெட்டப்படுவதைக் கட்டுப்படுத்திற்று. தேக்கை நட்டு வளர்த்த ஊரிலிருந்தே காட்டைக் காக்கும் குரலும் எழுந்தது எண்ணத்தக்கது. இலுப்பையும் வேங்கையும் வேண்டுமென்றால் நாமே நடவேண்டும். இன்று நடும் இலுப்பை வைரம் பாய்வதற்குள் நடுகின்ற நானிருக்க மாட்டேன். உங்கள் பேரர்கள் இருப்பார்கள்.

சப்பரம் சாய்ந்த அடுத்த ஆண்டு, நன்கு காய்ந்த வேங்கைக் கட்டைகளை வாங்கினோம். வெளிறு முழுவதையும் செதுக்கி நீக்கச் செய்தார் அந்தத் தச்சர். நீர் தேங்காதபடி கட்டையின் மேல்முகத்தைச் சற்றே சரித்தார். வர்ணத்துக்கு மாறாக எண்ணெய் தடவினார். பின்னர் அவரும் நானும் என் மாணவனும் தரையில் குனிந்து, சப்பரத்தின் அடியிலே தவழ்ந்து, ஒவ்வொரு பொருத்தையும் தட்டிப் பார்த்தோம். வயதான காலத்தில் முழங்கால் வலித்தது; ஆனால் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்து கற்றதைவிட அங்கே மிகுதியாகக் கற்றேன்.

மாணவர்களே, அடுத்த முறை தேரைக் காணச் செல்லும்போது கோபுரம்போல் உயர்ந்த அதன் முடியைக் கண்டு கைகூப்புங்கள். பிறகு சற்றே குனிந்து அதன் அடியையும் பாருங்கள். அங்கே எவர் கண்ணிலும் படாமல் ஒரு கட்டை கிடக்கும். அது எங்கே கிடக்கிறது, எதனைத் தாங்குகிறது, நீர் தேங்குகிறதா, எதனைத் தொடுகிறது என்று நான்கு வினாக்களை எழுப்புங்கள். அந்த நான்கு வினாக்களுமே மரத்துக்குரிய இடனறிதல்.